இருநூற்றுப் பத்தடி

திசையன்விளைக்குத் தெற்கே எங்கள் ஊரில்
எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும்
முதல் வாய் கடல்தான்.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
செம்பின் அடியில் வெள்ளைப் பொருக்கு.

நான் ஜெபித்தேன்.
ஒளிக்காமல் சொல்கிறேன், அதோடு நிற்கவும் இல்லை.
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்கும் என்கிற
நீரோட்டக்காரரையும் கூட்டிவந்தேன்,
சேகர ஐயருக்குத் தெரியாமல்.

நூற்றறுபதில் சுக்கான்பாறை.
நூற்றெண்பதில் பணம் தீர்ந்தது.
ரிக் வண்டிக்காரன் பீடியைப் போட்டு மிதித்தான்.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து
இன்னும் முப்பதடி என்றேன்.
இருநூற்றுப் பத்தில்
சாம்பல் சேறு பீறிட்டது,
அதன் பின்னால் தண்ணீர்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
நுங்குக் கண்ணுக்குள் இருக்குமே, அந்த ருசி.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன்.
ஐயாயிரத்து ஒரு ரூபாய் கவரில் வைத்தேன்.
"போர்த் தண்ணீர் நல்லதாய் அமைந்ததற்காக
திருமதி அன்னபாக்கியம்" என்று
கோயில்குட்டியார் பட்டியலில் வாசித்தபோது
கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திங்கள் விடியுமுன்
கேட்டுக்கு வெளியே ஏழு குடம்.
செவ்வாய் இருபத்துமூன்று.
யாரும் கதவைத் தட்டவில்லை.
குடங்கள் மட்டும் வரிசையில்
வாயைத் திறந்துகொண்டு.

என் முருங்கைக்குத்தானே கேட்டேன், ஆண்டவரே,
ஒன்றரை ஏக்கர், நாலு வருஷக் கடன்.
ஊருக்கென்று நான் கேட்கவே இல்லையே.
நீர் தந்ததை நானே
மைக்கில் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

வரிசையில் ஒரு மஞ்சள் குடம்,
கழுத்தில் சணல் சுற்றியது.
யாருடையதென்று கேட்க வேண்டாம் எனக்கு.
வேதக்கண் வீட்டுக் குடம்.
இரண்டடி வரப்புக்காக
ஒன்பது வருஷமாய் வள்ளியூர் கோர்ட்டில்
வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம்
அவரும் நானும்.
குடத்தை அனுப்பியிருந்தார்.
குடத்தோடு வரவில்லை.

அதை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிரப்பினேன்.
மறுநாளும் அங்கேயே இருந்தது.
மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன்,
உள்ளே ஒரு பிடி சிவப்பு மணல்,
தேரிக் காற்று போட்டது.
அழுக்குக் குடம் வாசலில் கிடக்கக்கூடாதே என்று
கழுவினேன்.
கழுவின குடத்தை
வெறுமையாய் வைக்கக் கை வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது.
பெரிய மனசு என்று யாரும் சொல்லவேண்டாம்.
அடுத்த வாரம் கொத்தனாரை வைத்து
மதிலில் துளை போட்டுக்
குழாயை வெளியே இழுத்தது
கேட்டைத் திறந்து மூடச் சலித்துப்போய்.

சித்திரையில் மோட்டார் புகைந்தது.
காயில் கட்ட நாலாயிரத்து எண்ணூறு.
"தண்ணி வரல்லியே, என்னாச்சு?" என்று
பதினாறு பேர் கேட்டார்கள்.
எவ்வளவு ஆச்சு என்று ஒருவர் கேட்கவில்லை.
கோபத்தில் இரண்டு நாள்
மோட்டாரைக் குழிக்குள் இறக்காமல் போட்டிருந்தேன்.
கோயிலுக்கும் போகவில்லை.
போனால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்,
கேட்டதைத் தந்தேனே என்பார்,
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி இரண்டுக்கு மும்முனைக் கரண்ட் வரும்.
ஜெபத்துக்கு எழும்பாத உடம்பு
ஸ்டார்ட்டரை அமுக்க எழும்புகிறது.
செருப்பைக் கால் தேடும்.
டார்ச்சை இரண்டு தட்டுத் தட்டவேண்டும்.
குழாய் முதலில் இருமும், காற்றைத் துப்பும்,
பிறகு குடத்தின் அடியில் விழும் அந்தச் சத்தம்.
நிரம்ப நிரம்பக் குரல் மாறும்.
எப்போது நகர்த்தவேண்டும் என்று
கண்ணை மூடியே சொல்லிவிடுவேன்.

மஞ்சள் குடம் எத்தனையாவது என்று
இப்போதெல்லாம் எண்ணுவதில்லை.

பொய். எண்ணுகிறேன்.
நேற்று பதினொன்றாவது.